குதிரைக் கிடை

மொக்கையன் ஓசியில் கிடைத்தால் விளக்கெண்ணெயைக்கூட ஒரு படி குடிப்பார் என்று போடி மலையடிவாரத்து முந்தல் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்னவர்களோடு அவருடைய மகள் சுருளியம்மாள் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போவாள். வைகையில் அணை கட்டிக்கொண்டிருந்த வருடத்து ஆடி மாதத்துக்குப் பிறகு அவளும் போவதை விட்டுவிட்டாள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது?

நடந்தது இதுதான். ஆடியில் நிலம் சும்மா கிடக்கும்போது ஆட்டுக் கிடை போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஆட்டுக்காரர்கள் மந்தையைக் கொண்டுவந்து இரவு முழுக்க நிலத்தில் அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்து மண் சத்துப் பிடிக்கும். அதற்கு நிலத்துக்காரர் தானியம் அளப்பார். அந்த வருடம் ஆட்டுக்காரர்கள் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். "ஆட்டுப் புழுக்கைக்கு இம்புட்டு ராங்கியா?" என்று மொக்கையன் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். மந்தை பொட்டிபுரம் பக்கம் போய்விட்டது.

அதே வாரம் மலையில் மழை கொட்டி, குதிரைப் பாதையை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு போனது. அரிசி மூட்டையோடு மேலே போய் ஏலக்காய் மூட்டையோடு இறங்குகிற பால்பாண்டியின் மட்டக்குதிரைகள் அத்தனையும் அடிவாரத்தில் மாட்டிக்கொண்டன. கட்டிப்போட இடம் தேடி அவன் மொக்கையனிடம் வந்தான். மொக்கையனுக்கு மூளையில் மின்னல் வெட்டியது.

"ஆடு என்ன, குதிர என்ன? ரெண்டுக்கும் நாலு காலு, ஒரு வாலு. குதிர பெருசு, அப்ப அது போடுறதும் பெருசு. கொண்டாந்து கட்டுடா என் நெலத்துல!" என்றார். பிறகு மகளிடம் வந்து, "பாத்தியா ஆத்தா? ஒரு பிடி தானியம் அளக்காம கிடை போட்டுட்டான் ஒங்க அய்யா" என்று மீசையை நீவிக்கொண்டார்.

பாதை சரியாவதற்குள் ஆடியே முடிந்துபோனது. குதிரைகள் நிலத்தில் தின்றன, தூங்கின, புரண்டன, மற்ற சோலியையும் குறைவில்லாமல் பார்த்தன. கொசுறாக மொக்கையனின் வைக்கோல் படப்பில் பாதியைத் தின்றுவிட்டுத்தான் மலையேறின. போன பிறகு நிலத்தைப் பார்த்தால், அம்மாடியோ! இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புவரை லத்தி. காய்ந்தது, காயாதது, மிதிபட்டது, முழுசாக உருண்டை உருண்டையாகக் கிடந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், மொக்கையனுக்குச் சறுக்காதா? நிலத்தில் இறங்கி நாலு எட்டு வைத்தவர் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்து நிலத்துச் சோலைமலைதான் தூக்கிவிட்டார். தூக்கும்போதே வாய் சும்மா இருக்கவில்லை. "ஏண்ணே, குதிர லத்தி சூடுல்ல? குழியில போட்டு மக்க வைக்காம பச்சையா நெலத்துல கெடந்தா வெள்ளாம வெந்துபோகுமே. இது பச்சப்பிள்ளைக்கும் தெரியும். அதுவும் வர்ற வெள்ளிக்கிழம ராசிங்காபுரத்து வேலுத்தாயி நெலம் பாக்க வாராளாமே?"

சுருளியம்மாள் வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரலை மடக்கி எண்ணினாள். வேலுத்தாயின் மகன் வேலுச்சாமிக்குத்தான் அவளைப் பேசியிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. போடி சுப்பிரமணியர் கோயிலில் வைத்து ஒருவரை ஒருவர் பார்த்தும் ஆயிற்று. அன்றைக்கு அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்த மும்முரத்தில் வேலுச்சாமி யாரோ ஒருவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு தேரடிவரை போய்விட்டு, திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். அதைப் பார்த்த நிமிடத்திலேயே சுருளியம்மாளுக்கு அவனைப் பிடித்துப்போனது. சும்மா இல்லை, பைத்தியமாகப் பிடித்துப்போனது. பானையில் தண்ணீர் நிறைந்து வழிவது தெரியாமல் நிற்பாள். இனி மிச்சம் வேலுத்தாய் வந்து நிலம் பார்ப்பது ஒன்றுதான். அந்த அம்மாளோ, ஒரு வீட்டில் கலப்பை மழையில் நனைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, பெண்ணைக்கூடப் பார்க்காமல் வண்டியேறிய ஆள். இந்த நிலத்தைப் பார்த்தால் வண்டியைவிட்டு இறங்குவாளா?

வெள்ளிக்கிழமைக்குள் நிலம் சுத்தமாக வேண்டும். கூப்பிட ஆள் இல்லை. ஆம்பளைகள் அணைக்கட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். பொம்பளைகள் ஏலக்காய் எடுக்க ஜீப்பில் மலையேறியிருந்தார்கள். கால் சுளுக்கி ஊரில் தங்கிவிட்ட கூட்டுக்காரி ராஜாத்தி ஒருத்திதான் துணை. மொக்கையன் கயிற்றுக் கட்டிலை வரப்பு மேட்டில் போடச் சொல்லி, படுத்தபடியே மேற்பார்வை பார்த்தார்.

மாட்டுச் சாணி என்றால் சுருளியம்மாளுக்கு ஒரு பேச்சே இல்லை. இரண்டு கையையும் கொடுத்தால் அப்படியே சேர்ந்து வரும். குதிரை லத்தி அந்த ஜாதி இல்லை. கையில் எடுத்தால் உதிர்கிறது, புல்லுக்குள் போய் ஒளிகிறது. மம்பட்டியைப் போட்டால் லத்தியோடு மேல்மண்ணும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஏய், ஏய்! மண்ண அள்ளாதத்தா! அது நம்ம மண்ணு!" என்று கட்டிலிலிருந்து அலறல் வந்தது.

"இதுக்குன்னு ஒரு சாமான் இருக்கும்டி. போடிக்குப் போய் வாங்கிட்டு வருவோம்" என்றாள் ராஜாத்தி.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த மாதிரிச் சாமான் கிடைக்கிற கடை யோசேப்பு இரும்புக்கடை ஒன்றுதான். அந்தக் கடையில் நின்று வியாபாரம் பார்ப்பது யார்? சாட்சாத் வேலுச்சாமி. ராஜாத்தி அதை நினைத்து பஸ்சு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். சுருளியம்மாள் அவள் தொடையில் கிள்ளிக் கிள்ளியே போடி வந்து சேர்ந்தாள்.

அவளைப் பார்த்ததும் வேலுச்சாமி விருட்டென்று எழுந்தான். தொங்கிய தராசுத் தட்டு அவன் நெற்றியில் 'ணங்' என்று இடித்தது. "வாங்க. என்ன வேணும்?"

"தரையில கெடக்குறத வார்றதுக்கு ஒண்ணு வேணும்."

"எத வார?"

லத்தி என்று சொன்னால் அது அன்று சாயங்காலமே ராசிங்காபுரம் போய்விடும். வாயில் வந்ததைச் சொன்னாள். "ஏலக்கா."

"ஏலத்தோட்டம் வேற இருக்கா ஒங்களுக்கு? அம்மா சொல்லவே இல்லையே!"

"இருக்கு. கொஞ்சூண்டு" என்றாள் சுருளியம்மாள். ராஜாத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே கடைக்கு வெளியே போய்விட்டாள்.

காய் உடையாமல் தள்ளுகிற பலகையை எடுத்துக் கொடுத்தான். நீளக் கழியின் நுனியில் வழவழவென்று ஒரு மரப்பலகை, பல் கிடையாது. மறுநாள் காலையில் அதை நிலத்தில் போட்டு இழுத்தாள். உருண்டையெல்லாம் நசுங்கித் தரையோடு தரையாக அப்பிக்கொண்டது. ஒரு பாத்தி நிலத்தை லத்தியால் மெழுகிவிட்டாள். கோலம் போடுவதுதான் பாக்கி.

"வீடு மெழுகுறவ மாதிரி மெழுகுறாளே, என்னப் பெத்த ஆத்தா!" என்று மொக்கையன் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டதில் இடுப்பு வலித்து அதற்கும் சேர்த்து அலறினார்.

மறுபடியும் பஸ்சு, மறுபடியும் யோசேப்பு இரும்புக்கடை. இந்த முறை வேலுச்சாமி தலையைக் குனிந்து தராசுக்குத் தப்பி வந்தான். "பலக சரியில்லையா?"

"பலக நல்லாத்தான் இருக்கு. இப்ப வைக்கோலு வாரணும். பல்லு வச்சதாக் குடுங்க."

மூன்று பல் இரும்புக் கவையைக் கொடுத்தான். வைக்கோலுக்கு அருமையான சாமான். ஒரு குத்துக்கு ஒரு கட்டு வரும். லத்திக்குக் குத்தினால், குத்தும்போது இருக்கிறது, தூக்கும்போது காணோம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உருண்டைகள் பொலபொலவென்று விழுந்து ஓடின. ஒன்று உருண்டு போய் வரப்புக் கட்டிலின் காலடியில் நின்றது. மொக்கையன் அதை முறைத்துப் பார்த்தார். சிரிப்பை அடக்கமாட்டாமல் ராஜாத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுருளியம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புதன்கிழமை வந்துவிட்டது, நிலத்தில் கால்வாசிகூடச் சுத்தமாகவில்லை.

"பொய் சொல்லி வாங்குனா பொய்க்கு ஏத்த சாமான்தான் கெடைக்கும். நெசத்தச் சொல்லித் தொலையேண்டி" என்றாள் ராஜாத்தி. சொன்னதோடு நிற்காமல் ஒரு தேக்கிலையில் நாலு உருண்டையைப் பொட்டலம் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பொட்டலத்தைக் கடையில் அவிழ்த்தபோது யோசேப்பு, "கர்த்தரே! கல்லாப்பெட்டி மேலயா!" என்று எழுந்து நின்றார்.

"இதத்தான் வாரணும்" என்றாள் சுருளியம்மாள். முகம் சிவுசிவு என்றிருந்தது. "ஏலக்காயும் இல்ல, வைக்கோலும் இல்ல. குதிர லத்தி. நெலம் பூரா கெடக்கு. எங்க அய்யா ஆட்டுக்குப் பதிலாக் குதிரையக் கட்டிக் கிடை போட்டுட்டாரு."

வேலுச்சாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஆணிச் சாக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். குதிரைக் கிடையா, குதிரைக் கிடையா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான்.

"நல்லாச் சிரிங்க. வெள்ளிக்கிழம ஒங்கம்மா வந்து நெலத்தப் பாப்பாக. பாத்துட்டு வேற பொண்ணப் பாப்பாக. அவளக் கட்டிக்கிட்டு அவகூடவும் சேந்து சிரிங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவை அவனுக்குத் தெரியாதா? கலப்பை நனைந்த கதையில் வண்டி ஓட்டிக்கொண்டு போனவனே அவன்தான். ஓர் உருண்டையை எடுத்து விரலால் அளந்து பார்த்தான். "சல்லட போட்டா?" என்றான்.

"சல்லடையில புல்லு மாட்டிக்கிரும். மண்ணு கீழ விழணும், லத்தி மேல நிக்கணும், புல்லு வழுக்கிட்டுப் போகணும்."

"அப்ப கவதான். பல்லு மட்டும் நெருக்கமா வேணும். இந்த உருண்ட நொழையாத நெருக்கம்."

"நுனி கொஞ்சம் மேல வளையணும். கையக் குவிச்சா இருக்குமே, அப்பிடி" என்று அவள் தன் கையைக் குவித்துக் காட்டினாள். எவ்வளவு வளைவு என்று பார்க்க அவன் உருண்டையை அந்தக் கையில் வைத்தான். இருவர் விரலும் முதன்முதலாகத் தொட்டுக்கொண்டது அப்படித்தான். எடுக்க இருவருக்கும் மனசு வரவில்லை. யோசேப்பு தொண்டையைச் செருமினார்.

பிறகு வேலை எள் என்றால் எண்ணெயாக நடந்தது. வேலுச்சாமி பின்தெருக் கொல்லுப்பட்டறைக்கு ஓடினான். இரும்புக் காம்பு வேண்டாம், எடை கூடும், மூங்கில் போதும் என்றாள் அவள். கூடை வேண்டாம், குனிந்து தூக்கியே இடுப்பு போய்விடும், சாக்கை விரித்து அதில் வாரிப் போட்டு இழுத்துக்கொண்டே போகலாம் என்றான் அவன். கடைசித் துகளுக்கு ஈச்சமாறு என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

வியாழக்கிழமை முதல் பஸ்சில் இரண்டு கவையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேலுச்சாமியே வந்து இறங்கினான். மொக்கையன் கட்டிலில் பதறினார்.

"மாப்ளே! இது என்ன கூத்து! தாலி கட்டாம பொண்ணு வீட்டு நெலத்துல எறங்கி வேல செய்யலாமா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு மலைக்குப் போயிருக்கு மாமா. கூலியும் வேணாம்" என்றான் வேலுச்சாமி.

கூலி வேண்டாம் என்றதும் மொக்கையன் வாயை மூடிக்கொண்டார்.

அடடா, அந்தக் கவை! வாரினால் மண் சலசலவென்று கீழே கொட்டியது, லத்தி மட்டும் சமர்த்தாக மேலே உட்கார்ந்துகொண்டது. சுருளியம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிழக்கிலிருந்து அவள், மேற்கிலிருந்து அவன், யார் முதலில் நடுவுக்கு வருவது என்று பந்தயம். ராஜாத்தி சுளுக்கிய காலோடு ஈச்சமாற்றை வீசிக்கொண்டு பின்னாலேயே நொண்டி வந்தாள். சாக்குகள் சர்சர்ரென்று எருக்குழிக்கு ஓடின. ஒரு தடவை வேலுச்சாமி இழுத்த வேகத்தில் சாக்கோடு குழிக்குள்ளேயே இறங்கிவிட்டான். தலையில் லத்தியோடு அவன் எழுந்து நின்றபோது, மொக்கையன்கூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உச்சிப் பொழுதுக்குள் நிலம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

அப்போது வரப்போரத்தில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. இறங்கியது வேலுத்தாய். மகனுக்குச் சோறு கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். யோசேப்பு பொய் பேசத் தெரியாத மனுஷர். அவ்வளவையும் ஒப்பித்துவிட்டார்.

வேலுத்தாய் மகனை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தாள். "தாலி கட்டுறதுக்கு முந்தியே வீட்டோட மாப்பிள்ளையாயிட்டியாடா?"

அவன் குழிக்குள் மறுபடி இறங்கிவிடலாமா என்று பார்த்தான்.

"ஏலத்தோட்டம் எங்கிட்டு இருக்கு?" என்று சுருளியம்மாளைக் கேட்டாள்.

"இல்ல அத்தே. பொய்."

"ம்" என்றாள் வேலுத்தாய். நிலத்துக்குள் இறங்கி ஒரு சுற்று நடந்தாள். ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்தாள். எருக்குழிக்குப் போய் முழங்கைவரை கையை விட்டாள். உள்ளே கொதித்தது போலும், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். 

"எத்தன வண்டி வரும் அண்ணே இது?"

"அது கெடக்கு தாயி, எவனாவது அள்ளிட்டுப் போனாப் புண்ணியம்" என்றார் மொக்கையன்.

"அப்ப மக்குனதும் எனக்கு அனுப்பிரு. புதுசா வாழக் கன்னு வைக்கிறேன். இந்த வருசம் ஆட்டுக் கிடை எனக்கும் கெடைக்கல. பொண்ணோட சீரு வரும்போது இதுவும் வந்துரட்டும்."

மொக்கையன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் புரண்டு படுக்க முடியாத இடுப்பு! "அதெப்படி? கிடை போட்டவன் நானு. எடம் என்னுது. வைக்கோலும் என்னுது. எரு ஒனக்கா?"

"இப்பத்தான அள்ளிட்டுப் போனாப் புண்ணியம்னே?"

"அது வேணும்னு ஒருத்தரும் கேக்காதப்ப சொன்னது."

"பாதியாவது குடு."

"ஒரு கூட எரு தர்றேன்."

"பிச்சையா போடுற? வேலு, வண்டியில ஏறுடா!"

வேலுச்சாமி நகரவில்லை. வண்டிக்காரன் மாட்டைத் திருப்ப ஆரம்பித்துவிட்டான்.  இதற்காகவா சுருளியம்மாள் இத்தனை பாடு பட்டு நிலத்தைச் சுத்தம் செய்தாள்? கவையைத் தரையில் ஊன்றிக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நில்லுங்க அத்தே. அய்யா, நீங்களும் கேளுங்க. எனக்கு இவரப் பிடிச்சிருக்கு. கட்டுனா இவரத்தான் கட்டுவேன். லத்தி அம்புட்டையும் அவுகளுக்குக் குடுங்க."

எந்தப் பெண்ணும் அப்படிப் பெரியவர்கள் முன்னால் சொன்னதை அந்த ஊர் கேட்டதில்லை. வேலுச்சாமி சிரித்த சிரிப்பில் முகத்தில் காய்ந்திருந்த லத்தி பொருக்காக உதிர்ந்தது. மொக்கையன் மட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தாயில்லாமல் வளர்த்த பிள்ளை. துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"லத்திய மட்டுமா ஆத்தா கேக்குறா? ஒன்னையவும் சேத்துல்ல கேக்குறா" என்றார்.  "ஒரு பிடி எருவுக்காவது நான் மல்லுக்கட்ட வேணாமா? எல்லாத்தையும் சும்மா தூக்கிக் குடுத்துட்டு இந்தக் கட்டில்ல படுத்து நான் என்னத்தப் பாக்குறது?"

சுருளியம்மாள் கவையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அய்யாவின் கருமித்தனத்தை ஊரே சொன்னபோது சண்டைக்குப் போனவள்தான், ஆனால் அந்தக் கருமித்தனத்துக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை.

 வேலுத்தாய் வண்டிக்காரனிடம், "மாட்ட அவுத்துக் கட்டு" என்றாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, முழங்கைவரை லத்தி ஒட்டிய கையோடு நின்றாள். "எரு வண்டிக்கு முன்னால நீதான் ஒக்காந்து வரணும் அண்ணே. எண்ணி எறக்கி, கணக்குப் பாத்து, சண்ட போட்டு, இருந்து தின்னுட்டு மெதுவாப் போ. நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?" என்றாள். பிறகு சுருளியம்மாளைப் பார்த்து, "கஞ்சி எதும் இருக்கா தாயி? வெயில்ல வந்தது பசிக்குது" என்றாள்.

சம்பந்தம் பேசி முடியாத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் எழுந்து போவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். சுருளியம்மாள் விருட்டென்று எழுந்தாள். வரப்பென்றும் பார்க்காமல் வாய்க்காலென்றும் பார்க்காமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படிக்கு ஒரே ஓட்டமாக ஓடினாள்.